திமிங்கிலம் இல்லாத கதை

ஜானட் டீச்சரின் நாடகக் குழுவில் ஆறு வருடமாக இருக்கிறேன். ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டு மண்டபத்தில் ஞாயிறுதோறும் கூடுவோம். அங்கே எனக்குக் கிடைத்த மிக நீளமான வசனம், "சார், கூரியர்" என்பது. அதைச் சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். ஆனால் வந்த வழியில் நடந்ததையும் சொல்லாமல் போவது முறையல்ல என்று தோன்றியது. விஷம் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த கதாநாயகன் இருபத்திரண்டு நிமிடம் சாகாமல் காத்திருந்தான். கடைசியில் முன்வரிசையில் ஒருவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அதன் பிறகு டீச்சர் எனக்குத் திரை இழுக்கும் வேலை கொடுத்தார்.

இந்த வருடம்தான், எழுபத்தோராவது வயதில், ஒரு பெரிய வேடம் வந்தது. நாடகம் முழுக்க வருகிற வேடம். படகுத் தச்சன் சவரி. பிறவியிலேயே பேச்சு வராதவன்.

"உங்களுக்கு ஏன் கொடுக்கிறேன் தெரியுமா பாய்?" என்றார் டீச்சர். "உங்க முகம் நல்லா இருக்கு. வாய்தான் கெடுக்குது."

டீச்சரிடம் ஒரு வழக்கம் உண்டு. வேடம் கொடுத்ததும் கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் கொடுப்பார். அதில் நம் ஆளைப் பற்றி எழுத வேண்டும். அவன் காலையில் என்ன தின்றான், மேடைக்கு வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் எங்கே இருந்தான், சட்டைப்பையில் என்ன வைத்திருக்கிறான், அவனுக்கு என்ன வேண்டும், அதைக் கிடைக்கவிடாமல் தடுப்பது எது. பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியப்போவதில்லை. ஆனால் நமக்குத் தெரியவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பார்.

நான் முதல் பக்கத்தில், சவரி காலையில் ஒரு முழு வஞ்சிரத்தைத் தின்றான் என்று எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில், "முள்ளை என்ன செய்தான்?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

முதல் ஒத்திகையில் இரண்டு கைகளாலும் காற்றைப் பிசைந்து, கண்ணை உருட்டி, உதட்டைக் கோணி, சவரிக்காக நிறையப் பாடுபட்டேன். அவன் மனைவியாக நடித்த ரெஜினா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். அவள் ஒரு பேக்கரியில் பில் போடுகிறவள். சிரிக்கிற சுபாவம் இல்லாதவள்.

"பாய், இது பேசாத ஆள் இல்ல, பேசத் துடிக்கிற ஆள்," என்றார் டீச்சர். "சவரி அறுபது வருஷமா இப்படியே இருக்கான். அவனுக்கு இது ஒரு குறையே இல்ல. அவன்கிட்ட இல்லாததத் தேடாதீங்க. இருக்கறது எதுன்னு பாருங்க."

"இன்னா டீச்சர் கீது அவன்கிட்ட?"

"அதத்தான் கேக்கறேன். இன்னையிலிருந்து பத்து நாள் பேசாம இருங்க. சைகை வேணாம், எழுதிக் காட்டவும் வேணாம். முடியலன்னா வேஷம் எத்திராஜுக்கு."

எத்திராஜ் என் தோஸ்து. துறைமுகத்தில் ஒன்றாக வேலை பார்த்தவன். ஒத்திகைக்கு வருவான், தூங்குவான். அன்றைக்கு மட்டும் விழித்திருந்தான்.

"பத்து நாளா? பத்து நிமிசம் தாங்கமாட்ட மாமு. சட்ட அளவு இப்பவே எடுத்துக்குங்க டீச்சர்," என்றான்.

வேடத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. நாடகத்தின் கடைசியில் அவர்களுடைய ஒரே மகள் கப்பலேறிப் போய்விடுவாள். மனைவி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். கையெழுத்துப் பிரதியில் அந்த இடத்தில் இவ்வளவுதான் இருந்தது: "சவரி வருகிறான். அவளுக்கு ஆறுதல் ஆகிறான்." எப்படி ஆகிறான் என்று எழுதியிருக்கவில்லை. கேட்டால், அது உங்கள் வேலை என்றார் டீச்சர்.

வீட்டுக்குப் போய், வாயை மூடுவதற்கு முன்னால் என் மனைவி அஜீசுன்னிசாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "பத்து நாள்தானா?" என்று மட்டும் கேட்டாள்.

தொழுகையில் அல்லாவிடம் பேசுவதற்கும் நோட்டில் எழுதுவதற்கும் டீச்சர் விலக்கு அளித்திருந்தார். மற்றபடி உதடு அசையவில்லை. தூக்கத்தில் ஒரு சுறாவை வென்ற கதையை முழுதாகச் சொன்னேனாம். அப்போது நான் வேடத்தில் இல்லை என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டாம் நாளே தெருவில், பாய்க்கு வாய் இழுத்துக்கொண்டது என்று பேச்சு. மூன்றாம் நாள் வீட்டில் சாத்துக்குடி குவிந்தது. பார்க்க வந்தவர்கள் என் முன்னால் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசினார்கள். வாய் பேசாதவனுக்குக் காதும் கேட்காது என்று எல்லோருக்கும் ஒரு முடிவு இருக்கிறது. நாற்பது வருடமாக என் கதைகளை ஒருவரும் நம்பியதில்லை என்பதும், ஆனாலும் கேட்க வந்தார்கள் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இதை நோட்டில் எழுதினேன். சவரியைப் பற்றியது இல்லை என்று டீச்சர் அடித்துவிட்டார்.

ஆறாம் நாள் மத்தியானம். அஜீசுன்னிசா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் எதிரில் இருந்தேன். அவளாகவே ஆரம்பித்தாள்.

"நீங்க பார்ஜோட காணாம போனீங்களே, அது ஆடி மாசம்..."

அந்தக் கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு இருபத்தேழு வயது. கயிறு அறுந்து, நான் இருந்த பார்ஜ், அதாவது சரக்கேற்றும் தட்டைப் படகு, தனியாகக் கடலுக்குள் மிதந்து போய்விட்டது. இரண்டு நாள். ஒரு திமிங்கிலம் முட்டி முட்டி என்னைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் அப்போது.

"ஆடி மாசம்" என்றதும் அவள் நிறுத்தினாள். மீனையும் கீழே வைத்தாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. எப்போதும் அந்த இடத்தில்தான் நான் கதையை வாங்கிக்கொள்வேன். நாற்பத்து நாலு வருடப் பழக்கம். அவள் எனக்காகக் காத்திருக்கிறாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தொடர்ந்தாள்.

"ஆடியில தண்ணி வடக்கால இழுக்கும், எது போனாலும் எண்ணூர் முகத்துவாரத்துலதான் ஒதுங்கும்னு சொன்னாங்க. பஸ் ஏறி அங்க நெட்டுக்குப்பம் போயிட்டேன். யாரையும் தெரியாது. கரையில நின்னேன். வெயிலு தண்ணியில பட்டு கண்ணு கூசுது, ஒண்ணும் தெரியல. ஒரு மீன்காரம்மா வந்துச்சு. பேரு புஷ்பவல்லி. இன்னான்னு கேக்கல, அழாதன்னு சொல்லல. பக்கத்துல நின்னு, அது கைய என் நெத்திக்கு மேல குடையாட்டம் புடிச்சிச்சு. நான் பாக்கணுமில்ல, அதுக்கு. ஒரு கை வலிச்சா இன்னொரு கைய மாத்திக்கும். ரெண்டு நாளு. ராவுக்கு அது வூட்டுலதான் படுத்தேன். நீங்க கெடச்சிட்டீங்கன்னு ஆளு வந்து சொன்னதும் ஓடியாந்து பஸ் ஏறிட்டேன். அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல."

மீனை எடுத்து மறுபடி ஆய ஆரம்பித்தாள்.

வேடம் போனாலும் போகட்டும், பேசிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் சொல்வதற்கு என்னிடம் திமிங்கிலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அன்று குழம்பில் உப்பு இல்லை. அதையும் சொல்லவில்லை.

நோட்டில் ஒரே வரி எழுதினேன்: "சவரியிடம் இரண்டு காதும் இரண்டு கையும் இருக்கின்றன." டீச்சர் சிவப்பு மையைத் தொடவில்லை.

பத்து நாளும் முடிந்தது. எத்திராஜ் அளவு கொடுத்த சட்டையை நான் போட்டுக்கொண்டேன். தோள் கொஞ்சம் தொளதொளத்தது. கடைசிக் காட்சிக்கு மட்டும் எனக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. புஷ்பவல்லி பிடித்த அந்தக் கை என் மனைவிக்குச் சொந்தம், அதைக் கேட்காமல் எடுப்பது சரியில்லை என்று ஒத்திகையில் சும்மா பக்கத்தில் போய் நின்றேன். "நிக்கறது நல்லாத்தான் இருக்கு, ஆனா இன்னும் ஏதோ மிச்சம் இருக்கு பாய்," என்றார் டீச்சர்.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. அஜீசுன்னிசா மூன்றாவது வரிசையில் இருந்தாள். கடைசிக் காட்சி வந்தது. ரெஜினா கரையில் நிற்கிறாள். கப்பல் போகிற திசையில் ஒரு பெரிய விளக்கு. யாரோ அதைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டிருந்தார்கள். வெளிச்சம் நேராக அவள் கண்ணில் அடித்தது. அவளுக்குக் கண் கூசியது, வசனம் போய்விட்டது. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அவளுடைய ஐந்து வரியும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நான் பழைய காஜா மொய்தீனாக இருந்திருந்தால் ஐந்தையும் சொல்லி, மேற்கொண்டு பத்தும் சேர்த்திருப்பேன்.

நான் அவள் பக்கத்தில் போனேன். கையைத் தூக்கி அவள் நெற்றிக்கு மேலே குடையாகப் பிடித்தேன்.

நிழல் அவள் கண்ணில் விழுந்தது. அவள் இமைக்காமல் அந்தத் திசையைப் பார்த்தாள். வசனம் வந்தது. ஐந்து வரியும் வந்தது. என் கை வலித்தது. இன்னொரு கையை மாற்றிக்கொண்டேன். மண்டபத்தில் ஒருவரும் இருமவில்லை.

முடிந்ததும் டீச்சர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். அவரும் ஏதோ வேடத்துக்குத் தயாராகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். எத்திராஜ் மட்டும், "சட்ட உனக்கு சேரல மாமு," என்றான். அவன் கண் சிவந்திருந்தது. தூங்கி எழுந்ததால் என்றான்.

அஜீசுன்னிசா வாசலில் காத்திருந்தாள்.

"அது புஷ்பவல்லி கையி," என்றாள்.

"ஆமா."

"இன்னும் ரெண்டு விரக்கட மேல புடிச்சிருக்கணும்."

மறுநாள் காலையில் இருவரும் நெட்டுக்குப்பம் போனோம். வழியெல்லாம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், லாரி, தூசி. விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது புஷ்பவல்லி வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். எண்பது இருக்கும். அஜீசுன்னிசா அவர் எதிரில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். நடுவில் யாரும் கதையை வாங்கிக்கொள்ளவில்லை.

"எத்தினி பேருக்குக் கைய புடிச்சிருப்பேன்," என்றார் அவர். "உன் மூஞ்சி தெரியலம்மே." இரண்டு இறால் உரித்தார். "ஒரு பாய் வூட்டுப் பொண்ணு, பச்ச பொடவ. சொல்லாம கொள்ளாம எழுந்து ஓடிச்சு. அது புருசன் வந்தானா வரலியான்னு ரொம்ப நாளு நெனச்சிக்கினே இருந்தேன்."

"வந்துட்டாரு. இதோ," என்று என்னைக் காட்டினாள்.

புஷ்பவல்லி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இதுக்கா அவ்ளோ நேரம் நின்னோம்?"

அஜீசுன்னிசா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே அவருடைய ஈரக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாற்பத்து நாலு வருடமாகச் சொல்லாத வார்த்தையை அப்போதும் அவள் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

"ரெண்டு நாளு கடல்ல இன்னா நைனா பண்ண?" என்று புஷ்பவல்லி என்னிடம் கேட்டார்.

அஜீசுன்னிசா என்னைப் பார்த்தாள்.

"பயந்துகினு குப்புறப் படுத்துக்கினு இருந்தேம்மா," என்றேன். "அப்பறம் ஒரு இழுவைப் படகு வந்து இட்டுனு வந்துச்சு."

புஷ்பவல்லி தலையாட்டினார். உரித்த இறாலை ஒரு பையில் போட்டு எங்களிடம் கொடுத்தார். கொண்டுபோன சாத்துக்குடிகளை நாங்கள் அவரிடம் கொடுத்தோம். அவை எனக்கு வாய் இழுத்துக்கொண்டதற்காக வந்தவை. நான் இன்றைக்கும் நன்றாகப் பேசுகிறேன் என்பது அவற்றைக் கொடுத்தவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். ஒன்றையும் கூட்டவில்லை. திமிங்கிலத்தை மட்டும் விட்டுவிட்டேன். அது கோபித்துக்கொள்ளாது. நல்ல சுபாவம்.