ஈரக் கித்தான்

வாசலில், மரச்சட்டகத்தின் மேல் போர்த்திய நனைந்த கித்தானை முழங்காலால் அழுத்திக்கொண்டு பிபியானே ஊசியை இழுத்தபோது, திறந்திருந்த ஜன்னல் வழியாக அப்பாவின் குரல் வந்தது.

“தொளதொளன்னு தைக்கிற. உங்கம்மா கடல்நாய்த் தோலையே இதைவிட இறுக்கித் தைப்பா.”

“பேசாம படுங்க.”

“படுத்துத்தான கெடக்கேன். இழுடீ.”

படுக்கையில் விழுவதற்கு முன்பு, குளிர்காலம் முழுக்கச் செதுக்கி, ஒருவர் மட்டும் உட்காரும் அந்தக் கயாக் தோணியின் சட்டகத்தைக் கட்டியிருந்தார் அப்பா தொபியாஸ். தலைநகரமான நூக்கில் அலுவலக வேலையில் இருக்கும் மகன் ஈசாக்குக்காக. அவன் இடுப்பளவு அவருக்கு மனப்பாடம். இரவல் கயாக்கில் கடலுக்குப் போய்க் கடல்நாய் அடித்து அவர் வயிற்றை நிரப்பியவள் பிபியானே. அவளுடைய அளவை அவர் கேட்டதே இல்லை.

“அவன் வரமாட்டான்” என்றாள்.

“நான் செத்தா வருவான். அதுக்குள்ள முடி.”

சற்று நேரம் கழித்து அவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். இப்போது கையை விட்டால் கித்தான் சுருக்கம் விழுந்து அப்படியே காய்ந்துவிடும். இன்னொரு வசவுக்காக எழுந்து போக வேண்டுமா? அவள் போகவில்லை. அப்புறம் சத்தம் இல்லை. அது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்துவிட்டு உள்ளே போனாள். தொபியாஸின் விரல்கள் ஜன்னல் விளிம்பைப் பற்றியபடியே சில்லிட்டிருந்தன.

ஈசாக் வந்தான். அடக்கம் முடிந்து, குழிமேல் கற்களை அடுக்கிவிட்டு இறங்கும்போதே கேட்டான்.

“நூக் போற படகு கிளம்பப்போகுது. கயாக்க ஏத்திடலாமாக்கா?”

அவள் முன்னால் நடந்தாள். வீட்டு வாசலில் பக்கத்துவீட்டார் இருவர் கயாக்கைத் தூக்கக் குனிந்தார்கள்.

“கடைசியா என்ன சொன்னாரு?” என்றான் ஈசாக்.

“தையல் சரியில்லன்னாரு.”

“அவ்வளவுதானா? நீ பக்கத்துலதான இருந்த?”

பிபியானே உள்ளே போய், தோல் அறுக்கும் பிறைக்கத்தியை எடுத்து வந்தாள். கயாக்கின் கித்தானை முனையிலிருந்து முனைவரை தையலோடு ஒரே இழுப்பாகக் கிழித்தாள். குனிந்திருந்தவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள்.

“சட்டகம் அவரு உனக்குக் கட்டுனது. கொண்டு போ. கித்தான் என்னோடது.”

“இந்த எலும்புக்கூட்ட வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?”

“அவரு இருந்தப்ப வந்து கேட்டிருக்கலாம்.”

ஈசாக் அதைத் தோளில் சுமந்து இறங்கினான். படகு கரைமுனையைத் திரும்பியபோது, தெறித்த நீர் மேல்தட்டில் கிடந்த சட்டகத்தின் விலாக்கட்டைகளின் ஊடே புகுந்து மறுபக்கம் விழுந்தது.

அவள் கித்தானைத் தரையில் விரித்தாள். கயாக்கின் வளைவு அதில் அப்படியே நின்றிருந்தது. கையால் தட்டினாள், முழங்காலால் அழுத்தினாள். விட்டதும் அது மெல்ல எழும்பி வளைந்தது.