நூற்றுக்கு ஒரு பங்கு கரி

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு நாளைக் காலைக் காப்பியோடு உள்ளே போகட்டும்.

பிளாஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் கலவை கலக்கும் கலவைக்காரர் வார்ப்பு அச்சைத் திறந்தபோது அவருடைய மாமா, அதாவது அக்காவின் கணவர், செத்து ஐந்து மணி நேரமாகியிருந்தது. நாலு மணிக்கு உடலை எடுக்க வேண்டும். அதற்குள் மாமாவின் கணக்கு சரியென்று ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும்.

மாமா அங்கே கலவைகளுக்குக் கணக்குப் போடுகிறவர். பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது. நூற்றுக்குப் பத்துப் பங்கு கரித்தூள் கலந்தால் ஓடும். மாமாவின் கணக்கோ ஒரு பங்கே போதும் என்றது. இரண்டு வகை பிளாஸ்டிக்கை உருக்கி, தூளை எங்கும் பரப்பாமல் அவை தொட்டுக்கொள்ளும் எல்லையில் மட்டும் நிற்க விட்டால் அதுவே பாதை. பதினொரு வருடம் எல்லாரும் சிரித்தார்கள். அப்படி வார்த்துப் பார்த்த எந்தப் பிளாஸ்டிக் தட்டிலும் மின்சாரம் எட்டிப் பார்க்கவில்லை.

காரணம் கலவைக்காரர்தான். அவர் கலக்கினால் தூள் எல்லையில் நிற்காமல் எங்கும் பரவி மை மாதிரி ஆகிவிடும்.

"ரொம்ப நல்லாக் கலக்காதடா மச்சான்," என்று மாமா கெஞ்சுவார்.

"அரைகுறையாச் செய்ய எனக்குக் கை வராது மாமா."

இன்று நேரமில்லை. நாற்பது நிமிடம் கலக்க வேண்டியதை நாலு சுற்றோடு விட்டுவிட்டு அச்சில் கொட்டியிருந்தார். தட்டு கோடுகோடாக வந்தது. மீட்டரை வைத்தார். முள் மறுகோடிக்குப் போய் மோதி வளைந்தது.

மாமா வீட்டுக்கு ஓடி, அழைப்பு மணியின் கம்பியை வெட்டி, நடுவே தட்டைச் செருகி, பொத்தானை அழுத்தினார். கணீரென்று அடித்தது. துக்கம் கேட்க வந்திருந்த ஆய்வுக்கூடத் தலைவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அது பிளாஸ்டிக்கா?"

"தொட்டுப் பாருங்க சார். ஒரு பங்குதான் கரி."

கூடத்தில் படுத்திருந்த மாமா மட்டும் ஆச்சரியப்படவில்லை. அவருக்கு முன்பே தெரியும்.

அக்கா வந்து தட்டைத் தடவினாள். "இத்தனை வருஷமா வராதது இன்னிக்கு எப்படிடா வந்துச்சு?"

"சரியாக் கலக்கலைக்கா."

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள்.

"சாவு வீட்டுக் கதவை யாராவது சாத்துவாங்களாக்கா?"

"வர்றவங்க மணி அடிச்சிட்டு வரட்டும்."

நாலு மணிக்குள் நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அக்காவே எழுந்துபோனாள். அவசரப்படவில்லை. இரண்டாவது தடவை அடித்த பிறகுதான் தாழை எடுத்தாள்.

நாளைக் காலை எனக்குக் காப்பி வேண்டாம். அந்த வீட்டில் அழைப்பு மணி வைத்ததே கிடையாது.