யாரு அனுப்புனா?

ஐப்பசி மாதத்தில் தங்கராசுவின் குடலிறக்கத்துக்கு மூன்று விலை இருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்து ஆஸ்பத்திரியில் எழுபத்திரண்டாயிரம். மச்சான் சுப்பராயலு கூடப் போய்ப் பேசியதால் அறுபத்தெட்டாயிரம். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு பைசா வேண்டாம், ஆனால் வரிசைப்படி அவருக்கு விழுந்த தேதி மார்கழிக் கடைசி.

மார்கழிக் கடைசி ஆகாது. தை பிறந்ததும் நெல்லிக்குப்பத்தில் கரும்பு வெட்டு மும்முரமாகிவிடும். தங்கராசு இருபத்தெட்டு வருஷமாகக் கரும்புக்கட்டைத் தலையில் தூக்கிப் பலகையில் ஏறி டிராக்டரில் அடுக்குகிறவர். ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தை மாதம் ஆள் வராவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைப் பிடித்துக்கொள்வான். ஒரு வருஷம் போன இடம் மறு வருஷம் திரும்பி வராது. ஆபரேஷன் செய்யாமலும் விட முடியாது. இருமும்போதெல்லாம் அவர் கையால் அடிவயிற்றை அமுக்கிக்கொள்வதை வீடே பார்த்துக்கொண்டிருந்தது. குடல் ஒரு நாள் உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

வீட்டில் இருந்தது, மனைவி விருத்தாம்பாள் மகளிர் குழுவில் எடுத்த நாற்பதாயிரம்.

"அறுபத்தெட்டுக்கு எங்க போறது?" என்றாள் மகள் அறிவுமதி. அந்த வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் அவள். கடலூரில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை. எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். அதனால் நல்ல பேர் கிடையாது.

"நாலாயிரம் கொறச்சாரே எங்கண்ணன், அது தெரியலியா உனக்கு? அவரு இல்லன்னா எழுபத்திரெண்டுதான்" என்றாள் விருத்தாம்பாள்.

சுப்பராயலு விருத்தாம்பாளின் அண்ணன். கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தார். அந்த வட்டாரத்தில் அவரைக் கூட்டிக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிப் படி ஏறியவர்கள் குறைவு. யாருக்கு வலி வந்தாலும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். கவுண்டரில் கையை ஊன்றி நின்று, "நம்ம ஆளுங்க, பாத்துப் போடுங்க" என்பார். ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார். ஆள் வைத்துப் போனால்தான் ஆஸ்பத்திரியில் மதிப்பான் என்பது ஊரின் பாடம். தனியாகப் போகிறவன் நாதியற்றவன்.

அறிவுமதி நாதியற்றவளாகப் போனது தற்செயல்தான். பட்டச் சான்றிதழ் வாங்க ஒரு வெள்ளிக்கிழமை சிதம்பரம் போனவள், மேல வீதியைத் தாண்டி ஒரு சந்தில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றின் போர்டைப் பார்த்து நின்றுவிட்டாள். டாக்டர் ஞானசேகரன், செவ்வாய், வெள்ளி. கடலூரில் அப்பாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்த அதே டாக்டர். மீசை வைத்த அதே போட்டோ.

கவுண்டரில் லோகநாயகி என்று பெயர் குத்திய அம்மா உட்கார்ந்திருந்தாள். அறிவுமதி நின்றபடியே கேட்டாள்.

"எறக்கத்துக்கு ஆபரேஷன் எவ்ளோ ஆகும்க்கா?"

"வயித்துல வலை வச்சுத் தைக்கறதா, வலை இல்லாமயா?"

"வலை வச்சு."

"யாரு அனுப்புனா?"

"யாரும் அனுப்பல. போர்டப் பாத்துட்டு வந்தேன்."

லோகநாயகி ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்து முப்பத்தாறாயிரம் என்று எழுதித் தந்தாள். ரூம், மருந்து, வலை எல்லாம் சேர்த்து. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அறிவுமதி அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டாக்டர் ஒருத்தர். கத்தி ஒன்று. நாற்பது கிலோமீட்டர் தள்ளி வந்தால் விலை பாதியாகக் கிடக்கிறது.

வீட்டில் சீட்டைக் காட்டியதும் தங்கராசு சந்தோஷப்படவில்லை.

"மச்சான் பேசி வச்சிருக்காருடி. அவர வுட்டுட்டு நாம பாட்டுக்குப் போனா இன்னா நெனப்பாரு?"

"முப்பத்திரெண்டாயிரம் மிச்சம்னு நெனப்பாரு."

"வாய் ஜாஸ்தி உனக்கு."

கடைசியில் மாமாவிடமே சொன்னார்கள். சுப்பராயலு கொஞ்ச நேரம் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே இருந்தார். "அதே டாக்டர்தான்? அப்ப சரி. போயிட்டு வாங்க" என்றார். "நான் வேணா கூட வரவா?" என்றும் கேட்டார். அறிவுமதிதான், "கடைய யாரு பாக்கறது மாமா" என்று தடுத்தாள். அப்போது அவளுக்கு அவர்மேல் எந்தச் சந்தேகமும் கிடையாது. அலைச்சல் வேண்டாமே என்றுதான் சொன்னாள்.

ஆனால் தங்கராசுவுக்கு அது முள்ளாக உறுத்தியது. மறு செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்தபடி ஆலப்பாக்கம் வரை வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம், "பொண்ணு குடுத்தவரு. உன் படிப்புக்கு மூணு வருஷம் பீஸ் கட்டுனவரு. அவர வேணாம்னு சொல்லிட்டு வரோம்" என்றார்.

"வேணாம்னு யாரு சொன்னா? கடைய பாருங்கன்னுதான் சொன்னேன்."

"எல்லாம் ஒண்ணுதான்."

ஆஸ்பத்திரியில் லோகநாயகி அன்றைக்கும் அதே கேள்வியைக் கேட்டாள். "யாரு அனுப்புனா?"

அறிவுமதி பையில் வெள்ளைச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். தங்கராசு ஒரு அடி முன்னால் வந்தார். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். செய்த குற்றத்துக்கு அங்கேயே பரிகாரம் செய்கிற மாதிரி, நாலு பேர் காதில் விழ, "நெல்லிக்குப்பம் சுப்பராயலு மெடிக்கல் அனுப்புனாரு. எங்க மச்சான்தான்" என்றார்.

"அப்படியா? நம்ம லிஸ்ட்ல இருக்காரே" என்ற லோகநாயகி, வெள்ளைச் சீட்டுக் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு மஞ்சள் கட்டை எடுத்தாள். எழுதிக் கிழித்துக் கொடுத்தாள்.

நாற்பத்தேழாயிரம்.

அறிவுமதி மஞ்சளையும் வெள்ளையையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "அக்கா, அன்னிக்கி நீங்கதான் முப்பத்தாறு எழுதினீங்க."

"அன்னிக்கி யாரும் அனுப்பலன்ன. இன்னிக்கி ஆள் அனுப்பிருக்கு."

"தெரிஞ்ச ஆள் அனுப்புனா கொறையணும். ஏறுதே?"

லோகநாயகி சுற்றும் முற்றும் பார்த்தாள். பின்னால் யாரும் நிற்கவில்லை. "அனுப்புனவருக்கு யாரும்மா குடுப்பா? டாக்டர் வீட்டு நகைய வித்தா குடுப்பாங்க? உன் பில்லுலதான் ஏறும். இங்கயாவது பதினொண்ணு. உங்க கடலூர்ல லிஃப்ட் இருக்கு, ஏசி இருக்கு, கட்டடத்துக்கு பாங்கு லோன் இருக்கு. ஆம்புலன்ஸ்காரர், ஸ்கேன் சென்டர்னு அனுப்பறவங்களும் ஜாஸ்தி. எல்லாரும் அந்த ஒரு வயித்துலதான் சாப்புடணும். இங்க மாடிப்படிதான். ஏறு, எறங்கு."

அறிவுமதிக்கு, நாலாயிரம் குறைத்தாரே என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. ஏற்றி வைத்ததிலிருந்துதான் அந்த நாலாயிரம் குறைந்திருக்கிறது.

"இத கிழிச்சுட்டு வெள்ளை குடுங்க."

"கிழிக்க முடியாது. நம்பர் போட்ட சீட்டு. அனுப்புனவரு நாளைக்கி என் கேஸ் எங்கன்னு வந்து நிப்பாரு. அவரே வாயால வேணாம்னு சொன்னா பேர அடிச்சுடுவேன். இல்லன்னா என் வேல போயிடும்."

அறிவுமதி அப்பாவைப் பெஞ்சுக்குக் கூட்டிப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தங்கராசு நம்பவில்லை. "கவர்மெண்டு பஸ்ஸுல போனாக்கூட டிக்கெட்டுக்கு மேல அஞ்சு ரூபா டீசலுக்குக் குடுக்கற ஆளு மச்சான். அவரா? இவுங்க எதையோ மாத்தி எழுதிட்டாங்க. போன போடு, அவரையே கேப்போம்."

"நாற்பதுதான் இருக்குப்பா நம்மகிட்ட. நாற்பத்தேழுன்னா இப்பிடியே வீட்டுக்குப் போவணும்."

"அதான் சொல்றேன், போன போடு."

அவளே போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அப்பாவிடம் நீட்டினாள். தங்கராசு போனுக்குள் கத்தினார். தூரத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

"மச்சான்! இங்க உன் பேரத்தான் சொன்னேன். சொன்ன ஒடனே பதினோராயிரம் ஏத்திப்புட்டாங்க. நீ சொல்லி அனுப்புனா ஜாஸ்தியாம்! இன்னா அநியாயம் பாரு. கொஞ்சம் பேசு அந்தம்மாகிட்ட."

எதிர்ப்பக்கம், கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது கேட்டது. சில்லறை விழுவது கேட்டது.

"மச்சான்? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் மாப்ள." கல்லாவை மூடுவது கேட்டது. "என் பேர அடிச்சுடச் சொல்லு."

"ஏன் மச்சான்? கோவமா? நீ வராம வந்துட்டோம்னு…"

"கோவம் இல்ல. சுப்பராயலுதான் சொன்னான், அடிச்சுடுங்கன்னு சொல்லு. அந்தம்மாகிட்ட குடு, நானே சொல்றேன்."

தங்கராசு போனை மகளிடம் கொடுத்தார். அவள் கவுண்டருக்குக் கொண்டு போனாள். லோகநாயகி இரண்டு முறை "சரிங்க" என்றாள், மஞ்சள் சீட்டின் மேல் குறுக்கே கோடு போட்டாள், வெள்ளைச் சீட்டில் மறுபடி எழுதினாள். அனுப்பியவர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு.

தங்கராசு பெஞ்சில் அப்படியே இருந்தார். மச்சான் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மகள் சீட்டோடு திரும்பி வந்ததும், "தெரிஞ்சுதான் இருந்திருக்காரு" என்றார்.

அன்று மதியமே ஆபரேஷன் முடிந்தது.

மூன்றாம் நாள் சுப்பராயலு வந்தார். கையில் இளநீர் இரண்டு, ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று. வாசலில் செருப்பை விட்டவர், கவுண்டரில் லோகநாயகியைப் பார்த்ததும் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். எதிரே டீக்கடையில் நின்றிருந்த அறிவுமதி இதைப் பார்த்தாள். கூப்பிட்டாள். இருவரும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"எப்படி இருக்காரு மாப்ள?"

"நல்லா இருக்காரு. சிரிச்சாதான் வலிக்குதாம். அதுக்குத்தான் இப்ப வேலையே இல்லியே."

அவர் இளநீரைத் தரையில் வைத்தார். "நான் கேட்டு வாங்கல மதி. மொத வருஷம் தீவாளிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து ஸ்வீட் பாக்ஸ் வந்துச்சு, உள்ள ஒரு கவர். ஜாங்கிரிய பூரா தின்னது நீதான், ஞாபகம் இருக்கா?"

"கவர நான் திங்கல."

"பெட்ரோல் யாரு போடறது? ராவெல்லாம் கதவ தட்டுவானுங்க. போவாம இருக்க முடியுமா? அந்தக் காச நான் வேணாம்னா நோயாளிக்கா போவும்?"

"போச்சே. எங்கப்பாவுக்குப் போச்சே."

"இங்க போவும். அங்க போவாது. நான் வுட்டா அத ஆஸ்பத்திரியே வச்சுக்கும்."

"அப்ப இங்க அனுப்ப வேண்டியதுதான? வெள்ளைச் சீட்டுல?"

அவர் கடைக்காரரிடம் இரண்டு டீ சொன்னார். டீ வந்தது. அறிவுமதி குடிக்கவில்லை. மூன்று நாளாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த கணக்கை எடுத்து வெளியே வைத்தாள். "வருஷத்துக்கு இருபத்திரெண்டாயிரம் பீஸ் கட்டினீங்க. மூணு வருஷம். தலைக்குப் பதினொண்ணு. ஆறு எறக்கமா மாமா என் டிகிரி?"

சுப்பராயலு டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எல்லாம் எறக்கம் இல்ல. கல்லு உண்டு, கண்ணு உண்டு. கண்ணுக்குக் கம்மியாத்தான் குடுப்பான்."

அவளுக்குக் கோபத்தோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. சிரிக்காமல் அடக்கினாள். யார் யார் என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்டால் பேர் சொல்லுவார். கீழத்தெரு இருசம்மாள் கண்ணு, எதிர்வீட்டுக்காரர் கல்லு என்று. நாளைக்கு அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டும். கேட்கவில்லை.

அவர் போன் அடித்தது. பார்த்தார், வைத்தார், மறுபடி அடித்தது. எடுத்தார். ஸ்பீக்கர் போடாமலே எதிர்க்குரல் பெஞ்சு வரை கேட்டது. தேவனாம்பட்டினத்துப் படகுக்காரர் கதிரவன். அவர் சம்சாரத்துக்குப் பித்தப்பையில் கல், ஸ்கேன் எடுத்தாச்சு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட வர முடியுமா?

சுப்பராயலு அறிவுமதியைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பவில்லை.

"நீங்களே போங்க கதிரவன். என் பேர சொல்லாதீங்க."

"ஏண்ணே? நான் இன்னா தப்பு பண்ணேன்? போன வாரம் மீன் குடுத்தனுப்பலன்னா? கடல்ல ஒண்ணும் படலண்ணே, சத்தியமா!"

"அதெல்லாம் இல்லப்பா…"

"பெரிய மனுஷன் நீங்களே கை வுட்டா நாங்க எங்கண்ணே போறது?"

சுப்பராயலு போனைக் காதிலிருந்து இறக்கினார். "பாத்தியா? சொன்னா புரியுதா பாரு" என்றார். பாவமாகத்தான் சொன்னார்.

அறிவுமதி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, எழுதிக்குங்க. ரெண்டு ஊர்ல நாலு ஆஸ்பத்திரியில கேளுங்க. டாக்டர் யாருன்னு கேளுங்க, மொத்தம் எவ்ளோன்னு எழுதி வாங்குங்க. கவுண்டர்ல யாரு அனுப்புனான்னு கேப்பாங்க. யாரும் அனுப்பலன்னு சொல்லுங்க. கவர்மெண்டுலயும் தேதி கேட்டு வைங்க. எங்கப்பா மாதிரி உங்களுக்குக் கரும்பு வெட்டா கெடக்குது? காத்திருக்கலாம்."

"நீங்க யாரும்மா? ஆஸ்பத்திரியா?"

"இல்ல. இவுரு பொண்ணு மாதிரி. இவுரு காசுலதான் படிச்சேன்."

சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு இளநீரைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "ஒண்ண நீங்க எடுத்துக்குங்க மாமா. உள்ள வாங்க. அவுரு தூங்கல, உங்களத்தான் கேட்டுகிட்டிருந்தாரு."

"அந்தம்மா இருக்கே கவுண்டர்ல."

"யாரு அனுப்புனான்னு கேட்டா, நான் பதில் சொல்லிக்கறேன்."