எதிரில் நின்று எழுதியது

15 பிப்ரவரி 1947, சனி. கடலூர்.

கட்டுரையில் ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். சிதம்பரம் நடராஜர் வலது காலைத் தூக்கியிருப்பதாக எழுதியிருந்தேன். தூக்கியது இடது கால்.

மஞ்சக்குப்பத்து மாலை நாட்டிய வகுப்பின் ஆண்டு விழா அடுத்த ஞாயிறு. நாட்டியம் வளர்ந்த கதையை நான் மேடையில் படிக்க வேண்டும். நான் சொல்லும் நிலைகளை அந்த வகுப்பில் ஆடும் அமராவதி ஆடிக் காட்டுவார். வேலைக்காக இந்த ஊருக்கு வந்த பிறகு, என்னை ஒரு காரியத்தில் சேர்த்துக்கொண்டது இதுவே முதல் தடவை.

இன்று ஒத்திகை. கோயிலில் ஆடிய சதிர் இப்போது பரதநாட்டியம் என்ற பெயரில் மேடைக்கு வந்திருப்பது, அதில் முழங்காலை மடித்து அரைமண்டியில் நிற்பது, வடக்கே கதக் ஆடுகிறவர்கள் காலை நேராக வைத்துச் சுழல்வது எல்லாம் தடுமாறாமல் படித்தேன். நடராஜரிடம் வந்ததும் அமராவதி நின்றுவிட்டார்.

"எந்தக் காலுங்க?"

"வலது" என்றேன்.

விழாச் செயலாளர் நடனசபாபதி சிரித்தார். "வலது கால தூக்குனவரு மதுரையில இருக்காரு. எங்க சாமிய ரயிலேத்தி அனுப்பிட்டியேப்பா லூர்துசாமி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துப் பார்த்தேன்.

அமராவதி சிரிக்கவில்லை. "எதிர்ல நின்னு எழுதியிருக்கீங்க. உங்க வலப்பக்கம் அவருக்கு இடப்பக்கம். கோபுரத்துச் சிலைங்களையும் இப்படித்தான் எழுதுனீங்களா?"

சிதம்பரம் கோபுர வாசலில் செதுக்கிய நடனச் சிலைகளில் பலவற்றை அப்படித்தான் எழுதியிருப்பேன். சிலவற்றைச் சரியாகவும் குறித்திருக்கலாம். எவை என்று நினைவில்லாததால் மொத்தமாக மாற்றவும் முடியாது.

"சிதம்பரத்துக்காரங்க முன்னால இப்படிப் படிச்சா விடமாட்டாங்க" என்றார் நடனசபாபதி. "நம்ம விழாக் குழு வெங்கடசுப்ரமணியன் படிக்கட்டும். நீ திருத்தி மட்டும் குடு. கோச்சுக்காத."

சரி என்றேன்.

சலங்கையை அவிழ்த்துக்கொண்டே அமராவதி சொன்னார்: "யாரு படிச்சா என்னங்க. தப்பா இருந்தா சறுக்கப் போறது என் காலு."

நியாயம்தான். இன்னும் ஒரு வார்த்தை சொல்வார் என்று வாசலில் சற்று நின்றேன். அவர் அண்ணன் வந்து அழைத்துப் போய்விட்டார்.

அறைக்கு வந்து கட்டுரையை முதலிலிருந்து உரக்கப் படித்தேன். பக்கத்து அறைக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார், யாருக்கும் தொந்தரவில்லை.

நாளை: மாதா கோயிலில் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் சிதம்பரம் ரயில். கிழக்குக் கோபுர வாசலில் ஒவ்வொரு சிலைக்கும் முதுகைக் காட்டி நின்று, அது தூக்கிய காலை என் காலோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். திரும்பியதும் படி எடுத்து வெங்கடசுப்ரமணியன் வீட்டில் கொடுக்க வேண்டும்.