எங்கிருந்து வந்த சொல்

கோலாலம்பூரில், அகராதி அலுவலகத்தில், இருபத்தெட்டு வருடமாக எனக்கு ஒரே வேலை. ஒரு மலாய்ச் சொல்லை அட்டையில் எழுதி, அது எங்கிருந்து வந்தது என்று மூலையில் குறிக்க வேண்டும். எங்கள் மொழி வந்தவர் போனவர் எல்லாரிடமும் வாங்கிப் போட்டுக்கொண்ட மொழி. கடைக்கும் கப்பலுக்கும் நாங்கள் சொல்லும் பெயர் தமிழ். 'பாஷை' என்ற சொல்லே சமஸ்கிருதம். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

மகள் மஸ்தூரா சின்னவளாக இருந்தபோது இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டாள். நான் சட்டையைக் கழற்றுவதற்குள் வீட்டுச் சாமான்களின் மலாய்ப் பெயர்களைக் கேட்க ஆரம்பித்துவிடுவாள்.

"மேசை?"

"போர்ச்சுகீசியன் விட்டுட்டுப் போனது."

"நாற்காலி?"

"அரபு."

"டீ குடிக்கிற கப்பு?"

"சீனாக்காரன் குடுத்தது."

"என்ன அபா, நம்ம வீட்ல நம்மளுதுன்னு ஒண்ணுமே இல்லையா?" என்று இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "நான்?" என்றாள்.

"நீ எங்கேருந்தும் வரல. நீ நம்ம சொந்தச் சொல்லு."

பச்சைப் பொய். பெந்தோங்கில் ஒரு சீனக் குடும்பம் ஏழாவது பெண்ணை வளர்க்க முடியாமல் எங்களிடம் கொடுத்தது. மாவுச் சாக்குத் துணியில் சுற்றியிருந்தார்கள். பதினெட்டு நாள் குழந்தை. என் மனைவி ஸபேடா தாய்ப்பால் கொடுத்திருந்தால் மார்க்கப்படியும் எனக்கு மகளாகியிருப்பாள். பிள்ளையே பெறாதவள் பாலுக்கு எங்கே போவாள்? பால் உறவு இல்லையென்றால், வளர்ந்த பெண்ணுக்கு வளர்த்தவன் அந்நிய ஆண்தான்.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே இருபத்துநான்கு வருடம் ஓட்டிவிட்டேன். அவள் மதப்பள்ளியில் ஆசிரியையாகி, பிள்ளைகளுக்கு மார்க்கச் சட்டம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகு எனக்கு வாயே வரவில்லை. கோழை நான்.

கல்யாணம் நிச்சயமானது. நிக்காஹ்வில் பெண்ணைப் பெற்ற தகப்பன்தான் கொடுக்க வேண்டும், வளர்த்தவன் கொடுத்தால் செல்லாது. நிக்காஹ் நடத்தும் காஜியாரிடம் தனியாகப் போனேன்.

"அவளுக்குத் தெரியாம முடிச்சுக் குடுங்க. பொறுப்பை உங்ககிட்ட குடுத்த மாதிரி பக்கத்துல உக்காந்து தலையாட்டிடறேன்."

"நீ தலையாட்டறதுக்கு நான் நரகத்துக்குப் போகணுமா, ஜொஹாரி?" என்றார் அவர். "முஸ்லிம் தகப்பன் இல்லாத பொண்ணுக்கு நான்தான் பொறுப்பு. அதுக்கு அவ கையெழுத்து வேணும். இந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டு போ."

சமையலறையில் பெண்கள் விருந்தாளிகளுக்குக் கொடுக்க முட்டைகளுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மஸ்தூராவை முன்னறைக்குக் கூப்பிட்டுத் தாளை நீட்டினேன். மஸ்தூரா பிந்தி அப்துல்லா, அதாவது அப்துல்லாவின் மகள் மஸ்தூரா, என்று இருந்தது. பெற்றவன் பெயரை எழுத முடியாதபோது அந்த இடத்தில் எழுதும் பெயர் அது. அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்துல்லா என்ற பெயர் மேல் விரலை வைத்தாள்.

"நான் எங்கேருந்து வந்தேன் அபா?"

"பெந்தோங். சீனக் குடும்பம்."

"அந்தக் கப்பு மாதிரி."

"அப்படிச் சொல்லாதம்மா."

"அம்மா எனக்குப் பால் குடுத்தாங்களா?"

எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது.

"புட்டிப்பால்தான்" என்றேன்.

தலையசைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மாலையில் வீட்டுக்குள்ளேயே முக்காடு போட்டுக்கொண்டு என் எதிரே வந்தாள். சாப்பாடு எடுத்து வைத்தாள். எப்போதும்போல மீன் தலையை என் தட்டில்தான் போட்டாள். 

வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடிந்தது. மணப்பெண் பெரியவர்கள் கையை முத்தமிட்டு ஆசி வாங்க வேண்டும். ஸபேடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பிறகு என் முன்னால் வந்து மண்டியிட்டாள். காய்ச்சல் வந்தபோதெல்லாம் அவள் நெற்றியில் இரவெல்லாம் இருந்த கையை நீட்டினேன்.

மருதாணிக் கைகள் இரண்டையும் சால்வை நுனிக்குள் இழுத்துக்கொண்டாள். அந்நிய ஆணைத் தொட நேர்ந்தால் எங்கள் பெண்கள் செய்வது அதுதான். துணி மேலாகவே என் கையைப் பிடித்துக் குனிந்தாள். சுற்றியிருந்த யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

"மன்னிச்சிருங்க அபா" என்றாள்.

அபா என்றுதான் கூப்பிட்டாள். துணியை மட்டும் விலக்கவில்லை.