அடியிலிருந்து ஒன்று

மர்பி டவுனில் சின்னப்பா தன் வீட்டு மாடியில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் என் நாலு வருடப் புகழ் ஆட்டம் கண்டது. அவர் எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர். அதற்கு முன்பு கொத்தனார். எட்டு நாளில், அடுத்த திங்கட்கிழமை, எனக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல். அதைச் சொல்லிப் பெருமையடிக்கப் போயிருந்தேன். மூன்றாவது செங்கல் வரியில் மட்டப்பலகையைப் பிடிக்கச் சொன்னார். நான் மேலிருந்து மூன்று எண்ணிப் பிடித்தேன்.

"இன்னா சார், சொவத்த மேலேர்ந்து எண்றீங்க? மொத வரி அடியிலதான கீது!"

நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் வாய் அப்படியே நின்றுவிட்டது.

என் தொழில் பழைய மண்ணைப் படிப்பது. மண்ணுக்குள் உறைந்த சுண்ணாம்பு முடிச்சுகளை உடைத்துப் பார்த்தால், அவை உருவான காலத்தில் மழை எப்படி, நின்றது புல்லா மரமா என்று சொல்லலாம். நாளை மழை வருமா என்று என்னைக் கேட்காதீர்கள். இருபதாயிரம் வருடத்துக்கு முந்தைய மழையைக் கேளுங்கள். 1994இல் சாமராஜநகர் பக்கம் ஓர் ஓடைக்கரையில், நாலு ஆள் உயரத்துக்கு மண் செங்குத்தாக நின்ற இடத்தில், வேலை தொடங்கிய அன்றே எனக்கு மஞ்சள்காமாலை. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். சின்னப்பா தனியாக இருபத்து நான்கு ஆணி அடித்து, ஆணிக்கொரு தகரச்சீட்டில் எண் பொறித்து, இருபத்து நான்கு பைகளில் மண் கொண்டுவந்தார். எங்கள் தொழிலில் ஒன்று என்றால் தரைமட்டம், அதாவது கரையின் உச்சி. அங்கிருந்து கீழே எண்ணிப் போவோம். நானும் அப்படியே படித்தேன்.

முடிவு விசித்திரமாக வந்தது. சுற்றுவட்டாரமெல்லாம் மழை கொட்டிய காலத்தில் எங்கள் ஓடைக்கரை மட்டும் காய்ந்து கிடந்திருக்கிறது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானோ அதற்கொரு கோட்பாடு எழுதினேன். ஊரே நனைந்தபோது எங்கள் ஓடை மட்டும் குடை பிடித்தது என்று பத்தொன்பது பக்கத்தில் நிரூபித்தேன். அனந்தபத்மநாபன் என்ற என் முழுப்பெயரை வெளிநாட்டுக்காரர்கள் திக்கித் திக்கி மேற்கோள் காட்டினார்கள். நேர்காணலே அந்தக் கட்டுரையை நம்பித்தான்.

"சின்னப்பா, அந்த ஓடைக்கரையில எங்கேர்ந்து நம்பர் போட்டீங்க?"

சாந்துக் கரண்டி நின்றது. "அஞ்சு வருசம் ஆச்சே சார். நெனப்பு இல்ல. நீங்க ஒண்ணும் சொல்லாமப் போய்ட்டீங்க." பிறகு மெதுவாக, "எதுனா பேஜாராயிடுச்சா சார்? எம்மேல வருமா?"

"வராது. சொல்லாமப் போனது நான்."

சனிக்கிழமை விடியற்காலையில் ஜீப் மேல் ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி ஜெயலக்ஷ்மி வாசலுக்கு வந்தாள்.

"திங்கக்கிழமை இன்டர்வியூ. இப்போ ஏணியத் தூக்கிண்டு எங்க கெளம்பறேள்?"

"ஒரு ஆணியப் பாக்க."

"செவ்வாக்கிழமை பாத்தா ஆணி ஓடிடுமா?"

"ஆணி ஓடாது ஜெயா. நான் ஓடிடுவேன்."

அவள் உள்ளே போய் இரண்டு பேருக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு வந்தாள்.

கரையில் ஆணிகள் உதிர்ந்து போயிருந்தன. உச்சியில் ஒன்று மட்டும் மண்ணுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. சின்னப்பா ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஐம்பத்திரண்டு வயது முழங்கால்கள் படிக்குப் படி ஆட்சேபம் தெரிவிக்க, ஏறினேன். தகரத்தின் துருவை எச்சில் தொட்டுத் துடைத்தேன்.

"இன்னா நம்பர் சார்?"

ஒன்று என்று சொல்லியிருக்கலாம். இன்னொருவன் ஏணி போட்டு ஏறி வந்து பார்க்கப்போவதில்லை.

"இருவத்தி நாலு."

ஏணி லேசாக நடுங்கியது.

"ஏணிய நல்லாப் பிடிங்க சின்னப்பா. விழுந்தா கட்டுரையத் திருத்த ஆள் கெடையாது. புதுப் பைய எடுங்க."

பழைய பைகளைத் திருப்பி எண்ணினாலே போதுமே என்று எனக்குள் இருந்த சோம்பேறி சொன்னான். பார்க்காமல் ஒருமுறை நம்பியது போதும். கட்டுரை தவறென்று பத்திரிகைக்கு எழுதிய கடிதம் சட்டைப்பையில் இருந்தது. தேதி மட்டும் போடவில்லை. ஏணியில் நின்றபடியே போட்டேன். எழுத்து கோணலாக விழுந்தது. திங்கட்கிழமை நேர்காணலில் முதலில் இதைத்தான் நீட்ட வேண்டும்.

மாலைக்குள் இருபத்து நான்கு பைகளும் நிறைந்தன. ஒவ்வொன்றிலும் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னப்பா ஓர் அம்புக்குறி போட்டார், வானத்தைப் பார்த்து. ஜீப்பில் அடுக்கியதும் பைகள் சரிந்து, அம்புகள் நாலா பக்கமும் திரும்பின. ஒன்று நேராக என்னைக் காட்டியது.

"பரவால்ல, ஏறுங்க," என்றேன்.

அவர் முன்னால் வந்து உட்காரவில்லை. வழி நெடுகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பின்னால் பைகளுக்கு நடுவே குந்தியிருந்தார் சின்னப்பா. ஒவ்வொரு பள்ளத்திலும் சாய்ந்த பையைக் கையாலும் முழங்காலாலும் தாங்கி, அம்பு மேலே பார்க்கும்படி மறுபடி நிமிர்த்தி வைத்துக்கொண்டே வந்தார்.