சந்தேகத்தின் பேரில்

முதல் பரிசு வாங்கிய பிள்ளையைக் கூப்பிட்டுப் பாராட்டுவார்களா, விசாரிப்பார்களா? மதுரையில் அந்தக் கல்லூரியில் விசாரித்தார்கள். கல்லூரியின் பேர் வேண்டாம், விடுங்கள். நடந்தது 1978இல்.

ஆண்டு விழாவுக்காகக் கட்டுரைப் போட்டி வைத்திருந்தார்கள். அரசியல், தத்துவம், இலக்கியம், சமூகப் பிரச்சினை என்று நாலு பிரிவு. வீட்டிலோ விடுதியிலோ உட்கார்ந்து எழுதிக் கொடுக்கலாம். நாலிலும் முதலாவதாக வருகிற கட்டுரை ஆண்டு மலரில் எழுதியவர் பேரோடு அச்சாகும். தத்துவத்துக்குக் கொடுத்த தலைப்பு, ‘சந்தேகமே அறிவின் தொடக்கம்’.

அதில் முதல் பரிசு என்று நோட்டீஸ் போர்டில் வந்த பேர் கா. செல்லத்தாய், இரண்டாம் ஆண்டு வரலாறு. பேரையூருக்கு மேற்கே, மழையை நம்பிப் பருத்தி போடுகிற ஊர்க்காரி. அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அச்சில் தன் பேர் வரப்போகிறது என்ற நினைப்பில், தல்லாகுளத்து விடுதியில் ஊற்றிய தண்ணிச் சாம்பார்கூட அன்றைக்கு அவளுக்கு ருசித்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அவள் பேரின் மேல் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. ‘முடிவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.’ மற்ற மூன்று பெயர்களும் அப்படியே இருந்தன.

தத்துவப் பேராசிரியர் பசுபதி கூப்பிட்டு அனுப்பினார். பசுபதி கெட்ட மனிதர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்ட மனிதராக இருந்தால் மனசுக்குள் நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போய்விடலாம். இவரோ அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், இப்படி ஒரு கட்டுரையைத் தன் சர்வீஸிலேயே படித்ததில்லை என்றார். அப்புறம் எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னாள். “ஓஹோ” என்றார்.

அந்த ‘ஓஹோ’ இருக்கிறதே, அதற்குள் அவள் ஊரும் சாதியும் அவள் தாத்தன் காலத்துக் கதையும் மொத்தமாக அடங்கியிருந்தன. செல்லத்தாய்க்கு அது புதிதில்லை. ரயில்வே ஸ்டேஷன், பாத்திரக்கடை, விடுதி வார்டன் அறை என்று பல இடத்தில் கேட்டுப் பழகியதுதான். தத்துவத் துறையிலும் அதே ‘ஓஹோ’தான் இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

கட்டுரையில் ஒரு பத்தியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். ‘தன்னைச் சந்தேகிக்கிறவன் அறிவாளி ஆகிறான். அடுத்தவனைச் சந்தேகிக்கிறவன் அதிகாரி ஆகிறான்’ என்ற இடம். அதை எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தாள் என்று கேட்டார். தானே எழுதியது என்றாள். அவர் இரக்கத்தோடு தலையாட்டினார். அப்புறம் ஒரு வழி சொன்னார். அவர் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர் கொடுக்கிற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதிக் காட்டிவிட வேண்டும். எழுதிவிட்டால் சீட்டைக் கிழித்துவிடலாம், யாரும் வாய் திறக்க முடியாது. எல்லாம் அவள் நல்லதுக்குத்தானாம்.

“மத்த மூணு பேரும் எழுதுறாங்களா சார்?”

“அவங்க மேல யாருக்கும் சந்தேகம் இல்லையேம்மா.”

“ஏன் சார் இல்ல?”

பசுபதி பேனா மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். அப்படியெல்லாம் குதர்க்கம் பேசக் கூடாது என்றார். செல்லத்தாய் எழுந்து நின்று, நாலு பேரும் எழுதினால் தானும் எழுதுவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

இலக்கியத்தில் முதல் பரிசு வாங்கியவள் ஜானு. கோர்ட்டுக்குப் பக்கத்தில் வீடு, அப்பா வக்கீல். செல்லத்தாய்க்கு வகுப்பில் பக்கத்துப் பெஞ்சு, சாப்பாட்டு டப்பாவில் பாதிப் பங்கு. விஷயத்தைக் கேட்டதும் ஜானு தலையில் அடித்துக்கொண்டாள். தூக்கத்தில் எழுப்பினால்கூட நீ ரெண்டு பக்கம் எழுதுவாயே, போய் எழுதி அவர் மூஞ்சியில் எறிந்துவிட்டு வாயேன் என்றாள். அப்புறம் குரலைத் தணித்து, தன் கட்டுரையில் பாதிக்கு மேல் அண்ணா விஸ்வேஸ்வரன் திருத்திக் கொடுத்தது, தன்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றாள். சொல்லும்போது அவள் முகம் சிவந்துவிட்டது.

எழுதத் தெரியாமலா செல்லத்தாய் மாட்டேன் என்றாள்? ஒரு மணி நேரம் எதற்கு, அரை மணி போதும். ஆனால் அவள் கட்டுரை எழுதியதே அதைப் பற்றித்தான். அவள் தாத்தா நல்லகாமன் எதையும் திருடியவரில்லை. ஆனாலும் வெள்ளைக்காரன் போட்ட ரேகைச் சட்டத்தில் அந்தச் சாதியில் பிறந்த ஆம்பிளை அத்தனை பேரும் திருடன்தான். பொழுது சாய்ந்தால் சாவடிக்குப் போய்க் கைரேகை வைத்துவிட்டு, போலீஸ் கண்ணெதிரே படுத்துக் கிடக்க வேண்டும். குற்றம் செய்தான் என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை, செய்யவில்லை என்று இவர்கள்தான் ஒவ்வொரு ராத்திரியும் நிரூபிக்க வேண்டும். இது அறிவைத் தேடுகிற சந்தேகம் இல்லை, ஆளை அமுக்குகிற சந்தேகம் என்று ஒன்பது பக்கத்துக்கு வாதாடியிருந்தாள். அப்படி எழுதிவிட்டு, பசுபதி அறையில் போய் உட்கார்ந்து பரீட்சை எழுதிக் காட்டினால் அந்த ஒன்பது பக்கத்துக்கும் என்ன மரியாதை? தன் கட்டுரையைத் தானே கிழித்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று ஜானுவிடம் சொன்னாள். ஜானு அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

முதல்வர் விடவில்லை. தகப்பனாரை அழைத்து வரச் சொல்லி ஊருக்குக் கார்டு போட்டார். காசிமாயன் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தார், தோளில் துண்டு, கையில் மகளுக்கு அவித்த கடலை ஒரு பை. எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று மகள் சொன்னதில் பரிசு, சீட்டு, பரீட்சை என்று மூணு வார்த்தைதான் அவருக்குப் பிடிபட்டது. கட்டுரையில் என்ன இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் மகள் பி.ஏ. முடிக்க வேண்டும். “அவுக சொல்றத எழுதிக் குடுத்துரு தாயி, நமக்கு எதுக்குப் பொல்லாப்பு” என்றார். செல்லத்தாய்க்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அப்பாவை முதல்வர் அறைக்குக் கூட்டிப் போனாள்.

முதல்வர் காரியக்காரர். பசுபதியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பெரிய மனசு பண்ணுகிற தோரணையில் புது வழி ஒன்று சொன்னார். பெண் பரீட்சை எழுத வேண்டாம். கட்டுரை சொந்தமாக எழுதியதுதான், திருடியது என்று பின்னால் தெரியவந்தால் கல்லூரி எடுக்கிற நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன் என்று தகப்பனார் ஒரு உறுதிமொழி கொடுத்தால் போதும். பரிசும் உண்டு, மலரில் பேரும் உண்டு. மற்ற மூன்று பேருடைய அப்பாக்களும் கொடுத்தார்களா என்று செல்லத்தாய் கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை. காசிமாயன் சரிங்கய்யா, சரிங்கய்யா என்று தலையாட்டினார். மகளைப் பார்த்த பார்வையில், பேசிக் கெடுத்துவிடாதே என்ற கெஞ்சல் இருந்தது. செல்லத்தாய் வாயை மூடிக்கொண்டாள். பெற்ற அப்பன் கும்பிடாத குறையாகப் பார்க்கும்போது என்ன செய்வாள், பாவம்.

கிளார்க் ஆண்டிச்சாமி உறுதிமொழித் தாளை டைப் அடித்துக் கொண்டுவந்தார். வேட்டியையும் துண்டையும் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இழுப்பறையிலிருந்து மை டப்பாவை எடுத்துத் திறந்து வைத்து, காசிமாயனின் இடது கையைப் பிடித்துக் கட்டைவிரலை மை மேல் கொண்டுபோனார். மனிதர் மேல் தப்புச் சொல்ல முடியாது, தினம் பத்துப் பேருக்குச் செய்கிற வேலை.

காசிமாயன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

அறையில் யாருக்கும் எதுவும் புரியவில்லை, செல்லத்தாயைத் தவிர. கையெழுத்தே போடத் தெரியுமா, அப்படியானால் சரி என்று ஆண்டிச்சாமி அவசரமாகப் பேனாவை நீட்டினார். காசிமாயன் அதையும் வாங்கவில்லை. இம்புட்டு நேரமும் குனிந்தே நின்றவர் நிமிர்ந்தார்.

“எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். எங்கய்யா என்னய அடிச்சுப் படிக்கவச்சது அந்த ஒண்ணுக்குத்தான், எவன் முன்னாடியும் ரேகை வைக்கக் கூடாதுன்னு. அவரு தெனம் சாவடிக்குப் போயி, நான் இன்னைக்கும் திருடலன்னு விரல வச்சுட்டுப் படுத்தாரு. நீங்க கேக்குறதும் அதேதான்யா. கையெழுத்தாப் போட்டா மட்டும் அது மாறிப்போகுமா? எம் மக திருடலன்னு நான் எதுக்குய்யா எழுதிக் குடுக்கணும்?”

செல்லத்தாய் அப்பாவையே பார்த்தாள். படிக்காமலே அப்பா கட்டுரைக்குள் வந்து நின்றுவிட்டார். பசுபதிக்கும் அது உறைத்திருக்க வேண்டும், அவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று. முதல்வருக்கோ கோபம் மூக்கு நுனியில் நின்றது. அப்படியானால் பரிசு இரண்டாவது ஆளுக்குத்தான் போகும், அப்புறம் வந்து அழக் கூடாது என்றார். “குடுங்கய்யா, நல்லாயிருக்கட்டும்” என்றார் காசிமாயன்.

செல்லத்தாய் மேசையருகே போனாள். பயம் போன இடம் தெரியவில்லை.

“எங் கட்டுரையக் குடுங்க சார்.”

போட்டிக்கு வந்த தாள்கள் கல்லூரிக்குச் சொந்தம், திருப்பித் தருகிற வழக்கமில்லை என்றார் முதல்வர்.

“அது என்னுதுன்னு நான் நிரூபிக்கணும்னீங்க. இப்ப அது உங்களுதுன்னு நீங்க நிரூபிங்க.”

முதல்வர் பசுபதியைப் பார்த்தார். பசுபதி கோப்பைத் திறந்து ஒன்பது தாளையும் எடுத்தார், அடுக்கி ஒழுங்கு செய்தார், இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். அவ்வளவு தூரம்தான் அந்த மனிதரால் வர முடிந்தது. செல்லத்தாய் வாங்கிக்கொண்டு அப்பாவோடு வெளியே வந்தாள்.

நேரே நோட்டீஸ் போர்டுக்குப் போனாள். மத்தியான இடைவேளை, வராண்டா நிறையப் பிள்ளைகள். ஜானுவிடம் ஊக்குக் கேட்டாள். ஜானு தாவணியில் குத்தியிருந்தது, வளையலில் கோத்திருந்தது எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தாள். ஆண்டு விழா அறிவிப்பின் மேலேயே ஒன்பது தாளையும் வரிசையாகக் குத்தினாள் செல்லத்தாய். ஜானு சும்மா இருக்கவில்லை. செல்லத்தாய் பேரை மறைத்திருந்த வெள்ளைச் சீட்டை நகத்தால் பதமாக உரித்து எடுத்து, நாக்கில் எச்சில் தொட்டுத் தன் பேரின் மேல் ஒட்டினாள். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. ஒரு பையன் முதல் தாளைச் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தான்.

காசிமாயன் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். எங்கய்யா பேரு இதுல இருக்கா என்று கேட்டார். நாலாவது தாளில் இருக்கிறது, எழுத்துக் கூட்டிப் பாருங்கள் என்றாள். நல்லகாமன் என்று விரல் வைத்துக் கூட்டிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அப்புறம் துண்டை உதறிப் போர்டுக்கு அடியில் தரையில் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடலைப் பையை அவிழ்த்து அங்கே நின்ற பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்தார்.

தாள்களை உடனே அகற்றச் சொல்லி உத்தரவாகி ஆண்டிச்சாமி வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர், கீழே உட்கார்ந்திருந்த ஆளைத் தாண்டிக் கையை நீட்ட முடியாமல் நின்றார். எழுந்திருங்கண்ணே, முதல்வர் வைகிறார் என்றார். காசிமாயன் அவர் கையிலும் ஒரு பிடி கடலையை வைத்தார்.

“படிக்கிற பிள்ளைக படிச்சு முடிக்கட்டும் தம்பி.”

“அது எப்பண்ணே முடியும்? சாயங்காலம் கேட்டப் பூட்டணும்.”

“பூட்டிக்கங்க. ராத்திரி பூராம் சாவடியில கெடந்த வம்சம் தம்பி நாங்க. அப்ப அவுக ஒக்காரச் சொல்லி ஒக்காந்தோம். இன்னைக்கு நானா ஒக்காந்திருக்கேன்.”